மேடைக் கலைஞர்களின் வேலையும் உடல்நலமும்: வாசகர் கேள்வி – பதில்

கூத்து, நாடகக் கலைஞர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் வேலையையும் உடல்நலத்தையும் பற்றிய கேள்விகளை அனுப்பலாம் என்று முந்தைய இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால், எல்லோரையும் தொழிலாலும் வட்டாரத்தாலும் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் தெருக்கூத்தில் வேஷம் கட்டுபவர். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை வாரத்தில் நான்கைந்து இரவுகள் கூத்து இருக்கும். விடிந்ததும் வீடு திரும்பி, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுக் கழனி வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறார். இந்தப் பருவத்தில் ஒருநாள், திரும்பி வரும் வழியில் வண்டியிலேயே கண்ணயர்ந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் ஓர் இரவுகூட நிற்க முடியாது என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வது?
— கூத்துக் கலைஞர் ஒருவரின் மனைவி, செய்யாறு வட்டாரம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவரிடம் சொல்வதைவிட அவருடைய வாத்தியாரிடமும், ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், உள்ள மற்றவர்களின் வீட்டாரிடமும் நீங்கள் பேசுவதுதான் பயன் தரும். தூக்கத்தைத் தனி ஆளின் மனவுறுதியால் வெல்ல முடியாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனமும் கைகால்களின் வேகமும், மது அருந்தியவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் கணவர் காலையில் வேலைக்குப் போய், இரவு பத்து மணிக்கு வேஷம் கட்டி, விடியும்வரை ஆடுகிறவர். வண்டியை எடுக்கும்போது அவர் விழித்திருக்கும் நேரம் 17 மணியைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருக்கும். அதற்கும் மேலாக, இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரையிலான நேரம் எல்லா மனிதர்களுக்கும் உடம்பு தானாகவே தளரும் நேரம். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வழியில் தேநீர் குடிப்பதும் அந்தத் தளர்ச்சியைச் சிறிது நேரம் மறைக்குமே தவிரப் போக்காது.

ஆகவே முதலில் மாற வேண்டியது திரும்பி வரும் முறை. ஊர்க்காரர்கள் தாம்பூலம் வைத்துக் கூத்துக்குப் பேசும்போதே இரண்டு விஷயங்களைப் பேசிவிட வேண்டும். ஒன்று, ஜமா முழுவதும் வந்துபோவதற்கான வேன் வாடகை. அந்த வேனின் ஓட்டுநர் கூத்து நடக்கும் நேரத்தில் தூங்கியவராக இருக்க வேண்டும். மற்றொன்று, கூத்து முடிந்ததும் கலைஞர்கள் மூன்று மணி நேரமாவது படுத்து எழுந்திருக்க நிழலும் தண்ணீரும் உள்ள ஓர் இடம். அது பள்ளிக்கூடத் தாழ்வாரமாகவோ கோயில் மண்டபமாகவோ இருக்கலாம். பந்தலுக்கும் விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குகிற விழாக் குழு, இதற்கும் ஒதுக்கும். கேட்கிற பழக்கம் நம்மிடம் இல்லாததால்தான் அவர்களும் கொடுப்பதில்லை.

அடுத்தது, ஒரே இரவுக்குள் ஓய்வைப் பிரித்துக்கொள்வது. கூத்தின் அமைப்பே இதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. முன்னிரவில் வந்து போகும் வேஷக்காரர் பின்னிரவில் படுக்கலாம்; பின்னிரவில் வரவேண்டியவர், வேஷம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் உறங்கலாம். இந்த வசதி இல்லாதவர்கள், கூத்தைத் தொடக்கம் முதல் நடத்திச் செல்லும் கட்டியக்காரனும் வாத்தியக்காரர்களும். முகவீணை ஊதுகிறவரும் மிருதங்கம் வாசிக்கிறவரும் இரவு முழுவதும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார்கள்; கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் வியந்து எழுதுகிறார்களே ஒழிய, அந்த விரிப்பில் அமர்ந்திருப்பவர்களின் முதுகைப் பற்றி எழுதியதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு ஜமாவில் மாற்று மிருதங்கக்காரர் ஒருவர் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

பாரதக் கூத்து நடத்தும் ஜமா என்றால் இரண்டு நாட்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பாரதப் போரின் கடைசி நாளைச் சொல்லும் பதினெட்டாம் போர் ஆடிய துரியோதனனும் வீமனும், இரவு முழுவதும் ஆடிய களைப்போடு மறுநாள் காலை வெயிலில், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளச் சடங்கிலும் நின்று ஆட வேண்டியிருக்கிறது. அந்த வாரத்தில் அவர்கள் இருவருக்கும் முந்தைய இரவும் பிந்தைய இரவும் வேறு வேஷம் கொடுக்கக் கூடாது. அருச்சுனன் தவம் செய்வதை ஆடும் அருச்சுனன் தபசில் விரதமிருந்து மரமேறுகிறவர், பனை உயரத்தில் நின்று வெகுநேரம் பாடி, கீழே நிற்கிற பக்தர்களுக்குப் பூவும் எலுமிச்சம்பழமும் வீசுகிறார். அவருடைய இடுப்பில் ஒரு பாதுகாப்புக் கயிறு இருப்பதால் தபசின் புனிதம் குறையாது. அம்பாளின் பெயரைச் சொல்லி அதைத் தடுக்கிறவர்கள், அந்த மனிதர் விழுந்தால் அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றப் போவதில்லை.

முன்பணத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பருவத்தின் தொடக்கத்தில் வட்டியில்லாமல் ஒரு தொகையைக் கொடுத்துக் கலைஞரை அந்த ஆண்டுக்குத் தம் ஜமாவோடு பிணைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்தப் பணம் பல வீடுகளில் அடுப்பெரியச் செய்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை இரவு ஆட வேண்டும், உடம்பு முடியாத நாட்கள் எப்படிக் கணக்கிடப்படும், மாற்றுக் கலைஞரை யார் ஏற்பாடு செய்வது என்பவை ஒரு நோட்டில் எழுதப்பட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். கை முறிந்த நாட்களைக் கடனாக ஏற்றும் வாத்தியாரிடம், சங்கத்தின் மூலமாகப் பேசுங்கள்.

உடனே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. வங்கிக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்தத்தில், விபத்தால் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடைக்கும். 18 வயது முதல் 70 வயதுவரை சேரலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் குடும்பத்திடம் இல்லையென்றால் அதையும் வாங்குங்கள். 2007இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உங்கள் கணவர் உறுப்பினரா என்று பாருங்கள். இல்லையென்றால் காஞ்சிபுரத்திலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விண்ணப்பம் கிடைக்கும். வீட்டில், அவர் படுக்கும் இடத்தை இருட்டாக்குங்கள். காலையில் நான்கு மணி நேரம், மாலையில் புறப்படுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் என்று இரண்டு தவணையாகத் தூங்கச் செய்யுங்கள். அடுத்தடுத்து இரண்டு இரவு ஆடிய மறுநாள் அவர் சாரம் ஏறிச் செய்யும் கட்டட வேலைக்குப் போகவே கூடாது.

கேள்வி: ஸ்பெஷல் நாடகத்தில் பல ஆண்டுகளாக ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேடம், நடிக்கிறேன். மேடையில் சில சக நடிகர்கள் வசனத்தில் இல்லாத இரட்டை அர்த்தப் பேச்சைத் திணிக்கிறார்கள். சிரிப்புக்காக என்று சொல்லித் தொடுகிறார்கள். அன்பளிப்பு கொடுக்கிறேன் என்று மேடையேறி, ரூபாய் நோட்டைப் புடவையில் குத்த வருபவர்களும் உண்டு. ஏஜென்டிடம் சொன்னால், ‘உனக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை வருகிறதா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த நாடகத்துக்கு வேறொருவரைப் பேசுகிறார். சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கும் பொருந்துமா?
— நாடக நடிகை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பொருந்தும் அம்மா. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. தற்காலிகமாக வேலை செய்பவர், நாள்கூலிக்கு வருபவர், ஏஜென்ட் வழியாக அமர்த்தப்பட்டவர், ஊதியமே இல்லாமல் வேலை செய்பவர் ஆகிய அனைவரையும் அது தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. வேலை நிமித்தமாக நீங்கள் போகும் இடமும், அதற்காக ஏற்பாடு செய்யப்பட்ட வாகனமும் பணியிடமே. எனவே ஊர்ப் பொட்டலில் போட்ட கொட்டகை, ஒப்பனை செய்துகொள்ளும் தடுப்பு, திரும்பி வரும் வேன் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் நீள்கிறது. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்காகவும், வேலை கொடுப்பவர் மீதே புகார் உள்ளபோதும், ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு ஒன்று இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்டச் சமூக நல அலுவலரிடமோ அதைப் பற்றிக் கேட்கலாம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். எழுத இயலாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். சமரசம் என்பது நீங்களாக விரும்பிக் கேட்டால் மட்டுமே நடக்கலாம். அப்போதும் பணத்தைக் கொடுத்து முடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. ‘ஆயிரம் இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு விட்டுவிடு’ என்று நாட்டாமை செய்ய வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மேடையேறி வருகிற பார்வையாளரைப் பொறுத்தவரை, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டம் இருக்கிறது. குற்றவியல் சட்டப் பிரிவுகளும் இருக்கின்றன. பந்தோபஸ்துக்கு வந்திருக்கும் காவலரிடம் அந்த இடத்திலேயே சொல்லலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சட்டம் சம்பவத்துக்குப் பிறகு வருவது. அதற்கு முன்னால் செய்யக்கூடியதைப் பற்றியும் சொல்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தின் தனித்தன்மையே, ஒத்திகை இல்லாமல் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்ட நடிகர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கிறார்கள் என்பது. வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியும் செய்யும் தர்க்கம், பபூனும் டான்ஸ் நடிகையும் வழியில் மோதிக்கொள்ளும் காட்சி ஆகியவை அப்போதைக்கப்போது பிறக்கிற பேச்சால் நிறைபவை. அந்தச் சுதந்திரத்தில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது, அத்துமீறலுக்கான சந்தும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஒப்பனை நேரத்தில் ஆர்மோனியக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, எந்தக் காட்சியில் எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது, எந்தப் பேச்சு வேண்டாம் என்று இருவரும் பேசிக்கொள்வதை வழக்கமாக்குங்கள். நாயக வேடம் போடும் மூத்த ராஜபார்ட் ஒருவர் இதை முதலில் தொடங்கிவைத்தால் மற்றவர்கள் மறுக்க மாட்டார்கள். மூத்த ராஜபார்ட்டுகளை நான் இங்கே வெளிப்படையாகவே வேண்டிக்கொள்கிறேன். தர்க்கத்தில் ஒருவரை மடக்குவதற்கு ஆபாசம் தேவையில்லை என்பதை, நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டை ஒழுங்காகப் பாடம் பண்ணிய எந்த நடிகரும் அறிவார்.

அன்பளிப்பை ஆர்மோனியக்காரரிடமோ மேடை அறிவிப்பாளரிடமோதான் கொடுக்க வேண்டும் என்றும், மேடையில் வெளியார் ஏறினால் நாடகம் நிறுத்தப்படும் என்றும் நடிகர் சங்கம் தன் விதியாக அச்சிட்டு விழாக் குழுவிடம் கொடுக்க வேண்டும். மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை, கரூர் என்று ஊர்தோறும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் நிர்வாகத்தில் பெண்கள் போதுமான அளவில் இல்லை. ஒரு காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மையார் பெண்களை மட்டுமே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார். அப்படியொரு முன்னோடியைப் பெற்றிருக்கும் இந்தத் தொழிலில் ஸ்திரீபார்ட்டுகளும் டான்ஸ் நடிகைகளும் சேர்ந்து போய்ச் செயற்குழுவில் இடம் கேட்பதில் புதுமை ஏதுமில்லை. தனியாகப் புகார் செய்கிறவரை ஏஜென்ட் ஒதுக்கிவிடுவார். அந்த வட்டாரத்து நடிகைகள் எல்லோருமாக ஒரு விதியைச் சொல்லும்போது அவரால் யாரையும் ஒதுக்க முடியாது.

கேள்வி: ராஜபார்ட் நடிகன். வயது 46. ஐந்து கட்டைச் சுருதியில் பாடியவன். இரண்டு மாதமாகக் குரல் கரகரக்கிறது, மேலே எழும்பவில்லை. அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்துவிட்டேன். பருவம் முடியும்வரை வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாமா?
— நாடக நடிகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: ஓட்டிவிடக் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையைக் கருவியால் பார்த்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. நீங்கள் இரண்டு மாதம் தாண்டிவிட்டீர்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் இந்த வாரமே போங்கள். மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு. குரல் நாண்களில் சிறு முடிச்சு போலத் தடித்திருந்தால், பெரும்பாலும் ஓய்வும் குரல் பயிற்சியுமே போதும். அறுவை சிகிச்சை சிலருக்குத்தான் தேவைப்படும். வலி மாத்திரை வலியை மறைப்பதால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பாடிக் காயத்தைப் பெரிதாக்கிக்கொள்வீர்கள்.

அதிமதுரம் தொண்டைக்கு இதமாக இருக்கும். குரல் நாணின் தடிப்பைக் கரைக்காது. நாடகக்காரர்கள் கவனிக்கத் தவறுகிற காரணம் ஒன்று உண்டு. நாடகம் முடிந்து விடியற்காலையில் வயிறு நிறையப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால், வயிற்றிலுள்ள அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்கும். மாலை ஏழு மணிக்கு முழுச் சாப்பாடு, நடு இரவில் வாழைப்பழமோ இட்லியோ, இரவு முழுவதும் அடிக்கடி இரண்டு வாய் வெந்நீர் என்று மாற்றிப் பாருங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். குரலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று கிசுகிசுத்துப் பேசுவதும் குரலுக்குச் சுமைதான். பேசாமல் இருப்பதே ஓய்வு.

சுருதியைக் குறைப்பது பற்றித் தயங்குவீர்கள் என்று தெரியும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக வந்தது அந்த உச்சக் கட்டை. மைக் வந்த பிறகும் அதை ஆண்மையின் அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறோம். சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிக் காலத்தில் பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் அவர்களுடைய வேஷமே மாறிவிடும். குரல் வயதோடு மாறுகிறது என்பதை அந்தத் தலைமுறை அவ்வளவு நேரடியாக அறிந்திருந்தது. 46 வயதில் நான்கு கட்டைக்கு இறங்குவதில் இழிவு ஒன்றுமில்லை. ஆர்மோனியக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியைத் தடை செய்கிற 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள், நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம். எனவே நாடகத்தின் நடுவே மைக் நிறுத்தப்படும் இரவுகள் வரும். அப்போது கூட்டத்தின் கடைசிவரை கேட்கட்டும் என்று தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டாம். அனுமதி எந்த நேரம்வரை என்பதை முன்பணம் வாங்கும்போதே கேட்டு, நாடகத்தை அதற்கேற்பச் சுருக்குங்கள்.

தேசபக்தி நாடகங்களுக்காகச் சிறை சென்ற நாடக நடிகர் விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது இருந்தபடியே மேடையில் உயிர்விட்டார். அந்த மரணத்தை நாடக உலகம் இன்றும் பெருமையோடு சொல்கிறது. நானும் அவரை வணங்குகிறேன். ஆனால் நோயோடு அவரை மேடைக்கு அனுப்பியது வறுமையும் கடனும்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் ‘கலைக்காகவே உயிர்விட்டார்’ என்று மட்டும் சொல்லிச் சொல்லி, உடம்பு முடியாதபோது விலகி நிற்கிற நடிகனைக் கோழையாக்கிவிட்டோம். நீங்கள் இந்தப் பருவத்தில் சில நாடகங்களை விட்டுக்கொடுத்தால் அதற்காக யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை.

கேள்வி: ஒப்பனை கலைத்த பிறகு முகம் எரிகிறது, தடிப்புத் தடிப்பாக வருகிறது. என்ன செய்யலாம்?
— கூத்துக் கலைஞர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பழைய அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம், சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு. இவை இரண்டும் இப்போது உங்கள் பெட்டியில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். கடையில் பொட்டலமாக விற்கும் கோலப்பொடிச் சாயங்களும் துணிச் சாயங்களும் முகத்துக்கு ஆகாதவை. தோலுக்கென்றே தயாரித்து உள்ளடக்கம் அச்சிட்டிருக்கும் வண்ணங்களை வாங்கி, முதல்நாள் முழங்கையின் உட்புறத்தில் தடவிச் சோதித்த பிறகு முகத்தில் பூசுங்கள். கலைக்கும்போது மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள். தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். ஒரே துணியையும் ஒரே தூரிகையையும் ஜமா முழுவதும் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். தடிப்பு ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே ஒரு நவீன நாடகக் குழுவில் இருக்கிறேன். எங்கள் இயக்குநர் திறமையானவர். ஆனால் ஒத்திகையில் ‘உன் அகந்தையை உடைக்கிறேன்’ என்று எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துகிறார்; என் சொந்த வாழ்க்கையின் துயரங்களைச் சொல்லச் சொல்லி அதைக் காட்சியாக்குகிறார். நாடகம் முடிந்த பிறகு பல நாட்கள் தூக்கமில்லை. இதுதான் பயிற்சியா, எனக்குத்தான் தாங்கும் சக்தி இல்லையா?
— நடிகை, சென்னை

பதில்: அது பயிற்சி அன்று. உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. நடிப்புப் பயிற்சியில் உடம்பு வலிக்கும், சலிப்பு வரும், ஒரே அசைவை நூறு முறை செய்யச் சொல்வார்கள், அவையெல்லாம் சரி. ஒரு மனிதரைக் கூட்டத்தின் நடுவே சிறுமைப்படுத்துவதால் அவருடைய நடிப்பு ஆழமாகிறது என்பதற்கு நான் எந்தச் சான்றும் கண்டதில்லை. பயந்த நடிகர் இயக்குநரின் முகத்தைப் பார்த்து நடிப்பாரே தவிர, எதிரில் நிற்கும் பாத்திரத்தைப் பார்த்து நடிக்க மாட்டார். சொந்தத் துயரத்தைக் காட்சிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் உரிமை. கொடுத்த பிறகும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

நவீன நாடகத்தில் இந்தக் கேடு வேரூன்ற ஒரு காரணம், அங்கே பெரும்பாலும் ஊதியம் இல்லை என்பது. 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகர்களுக்கு மாத ஊதியம் கொடுத்து முழுநேரக் கலைஞர்களாக வைத்துக்கொள்ள முயன்றது; அப்படிச் செய்ய முடிந்த குழுக்கள் தமிழில் மிகக் குறைவு. ஊதியம் இல்லாத இடத்தில், இயக்குநரின் அங்கீகாரமே ஊதியமாகிவிடுகிறது. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்ற மனநிலை உண்டாகிறது. நீங்கள் வேறொரு வேலையில் சம்பாதிக்கிறவர் என்பதால் விலகிப் போக உங்களால் முடியும். குழுவில் இருக்கிற மற்றவர்களால் முடியாமல் இருக்கலாம், அவர்களோடும் பேசுங்கள். ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும், கடுமையான காட்சிக்குப் பிறகு எவ்வளவு நேரம் இளைப்பாறலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நான்கைந்து பேர் சேர்ந்து எழுதி இயக்குநரிடம் கொடுங்கள். அவர் திறமையானவர் மட்டுமல்லாமல் நல்லவராகவும் இருந்தால் கேட்பார். கேட்காவிட்டால் வேறு குழுவுக்குப் போங்கள்.

பாத்திரம் மனத்தை விட்டு இறங்காமல் இருப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். கூத்திலும் ஸ்பெஷல் நாடகத்திலும் முடிவில் மங்களம் பாடுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து வேஷம் கலைப்பார்கள். நவீன நாடகத்தில் கைதட்டல் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் அவரவர் பேருந்துக்கு ஓடுகிறோம். நாடகம் முடிந்ததும் இருபது நிமிடம் குழுவாக இருந்து, மூச்சைச் சீராக்கி, உடம்பைத் தளர்த்தி, ஒருவரையொருவர் சொந்தப் பெயரால் அழைத்துப் பேசி, பிறகு உடை மாற்றிக்கொண்டு கிளம்புங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது; 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

கேள்வி: எங்கள் ஜமாவில் நல்ல வேஷக்காரர் ஒருவர் குடித்துவிட்டு வருகிறார். சேர்க்கவும் மனமில்லை, விலக்கவும் மனமில்லை.
— கூத்து வாத்தியார், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: முதலில் ஊர்க்காரர்கள் உபசாரமாகக் கொண்டுவரும் பாட்டில் ஒப்பனைத் தடுப்புக்குள் வருவதை நிறுத்துங்கள். தாம்பூலம் வாங்கும்போதே இதைக் கண்டிப்பாகச் சொல்லலாம். பல கலைஞர்கள் குடிக்கத் தொடங்கியது, குளிரும் களைப்பும் தெரியாமல் இருக்கவும், ஆடி முடித்த பிறகு பகலில் தூக்கம் வரவும்தான். அதனால் ஓய்வு இல்லாமல் வேலை வாங்கிக்கொண்டு குடியை மட்டும் நிறுத்தச் சொன்னால் அது நிற்காது. குடித்துவிட்டு வந்த இரவில் அவருக்கு வேஷம் இல்லை என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதே சமயம், சிகிச்சைக்குப் போகும் நாட்களில் அவருடைய பங்கில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம். ஆகவே வீட்டில் அடைத்துவைத்து நிறுத்தவைக்க முயலாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடவே நீங்களும் போங்கள். வாத்தியார் வந்து நிற்பதை அவர் பெரிதாக மதிப்பார்.

கேள்வி: என் தந்தை நாற்பது ஆண்டுகள் நாடகத்தில் பின்பாட்டும் ஆர்மோனியமும் செய்தவர். இப்போது கண் தெரியவில்லை. ஓய்வூதியம் கேட்டால், கலைஞர் என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்.
— மகள், மதுரை மாவட்டம்

பதில்: தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த நிலையிலுள்ள கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் நிதியுதவி வழங்குகிறது; வயது வரம்பும் வருமான வரம்பும் உண்டு. மதுரையிலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ளலாம். சான்று என்பது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கக்கூடும். ஸ்பெஷல் நாடக நோட்டீசுகளில் நடிகர்களின் பெயரோடு ஆர்மோனியம், பின்பாட்டு, மிருதங்கக்காரர்களின் பெயரும் ஊரும் தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டுக்கு ஒன்றாகவாவது பழைய நோட்டீசுகளைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், அவரோடு நடித்தவர்களிடமும் அழைத்த ஊர்களின் கோயில் நிர்வாகத்திடமும் கேளுங்கள். யாராவது ஒருவர் வைத்திருப்பார்கள். நடிகர் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டிலிருந்து நகலும், சங்கத் தலைவரின் கையெழுத்திட்ட அனுபவச் சான்றும், மேடையில் எடுத்த புகைப்படங்களும் சேர்த்துக் கொடுங்கள்.

கண்ணை அரசு மருத்துவமனையில் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பக் கிடைக்கும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப வேலைக்காகக் காத்திராமல் அதை முதலில் செய்யுங்கள்.